ஓரத்தை வெட்டாமல் கட்டித் தந்த கடை

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், வெங்காய மூட்டைகளையும் கைவண்டிகளையும் தாண்டி இருபதடி உள்ளே போனால், பாதி ஷட்டர் அகலமே உள்ள பைண்டிங் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, ‘பைண்டிங் பாய் கடை’ என்று கேட்டால் எதிரிலுள்ள டீக்கடைக்காரர் கை காட்டுவார். பள்ளிக்கூடப் பதிவேடுகள், மண்டிக் கணக்குப் பேரேடுகள், வழக்கறிஞர்களின் சட்டத் தொகுப்புகள், கல்லூரி ஆய்வேடுகள் ஆகியவைதாம் அங்கு அன்றாட வேலை. அந்த வேலைகளுக்காக இந்தக் கடையைத் தேடிப் போகத் தேவையில்லை. இவரைவிட விரைவாகவும் மலிவாகவும் முடித்துத் தருபவர்கள் ஊரில் நாலைந்து பேராவது இருப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த பழைய புத்தகம் ஒன்று வீட்டில் இருந்து, அதில் அச்சான எழுத்தைக் காட்டிலும் அச்சாகாத எழுத்துதான் வீட்டாருக்குப் பெரிது என்றால் மட்டும் இங்கே போகலாம் என்பது என் கருத்து. காரணத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் கொண்டுபோனது என் மாமியாரின் ஹகதா. பஸ்கா பண்டிகையின் முதலிரண்டு இரவுகளில் யூதக் குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து முன்னோர் புறப்பட்டு வந்த கதையை வரிசை தவறாமல் வாசிக்கும் புத்தகத்துக்கு அந்தப் பெயர். மாமியார் கொங்கணக் கரையோரத்து யூதர்களான பெனே இஸ்ரேல் மக்களின் குடும்பமொன்றில் பிறந்தவர். செவிலியர் படிப்புக்காக 1971-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர், சத்துவாச்சாரிக்காரர் ஒருவரைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணந்து இங்கேயே தங்கிவிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால் அவர் பேசும் தமிழில் வேலூர் வாடைதான் அடிக்கிறது. கூட்டல் கணக்குப் போடும்போது மட்டும் உதடு மராத்தியில் அசையும்.

பெனே இஸ்ரேல் மக்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சில வரிகள். அலிபாக்குக்கு அருகே நவகாவ் என்ற கடற்கரை ஊரில் கப்பல் உடைந்து, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரையேறினார்கள் என்றும், அவர்களிலிருந்தே தங்கள் வழி தொடங்கியது என்றும் அவர்கள் சொல்வார்கள். புத்தகங்கள் கடலோடு போய்விட்டன. மிஞ்சிய வழிபாடு என்று சொல்லத்தக்கது ‘இஸ்ரயேலே, கேள்’ எனத் தொடங்கும் ஒரு மன்றாட்டு. கொங்கண ஊர்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த அவர்கள் சனிக்கிழமைகளில் செக்கை நிறுத்திவிடுவதால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று ஊரார் அழைத்தார்கள். குடியிருந்த ஊரின் பெயரோடு ‘கர்’ சேர்ந்து குடும்பப் பெயராயிற்று: ரோஹா ஊரார் ரோஹேகர், நவகாவ் ஊரார் நவகாவ்கர். புத்தகத்தைக் கடலில் இழந்த மக்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரு வீட்டில் புத்தகத்தை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதை, மாமியார் அந்த ஹகதாவைப் பழைய நூல்புடவையில் சுற்றி பீரோவில் வைக்கும் விதத்தில் நான் கண்டிருக்கிறேன்.

எபிரேய மூலத்துக்கு மராத்தி மொழிபெயர்ப்புச் சேர்த்து 1846-இல் பம்பாயில் ஒரு ஹகதா அச்சானது. 1874-இல் பூனாவில் படங்களோடு இன்னொன்று வந்தது. பூனாப் பதிப்பின் படமொன்றில் புடவை கட்டிய பெண்கள் தரையில் உட்கார்ந்து புளிப்பில்லாத அப்பம் செய்துகொண்டிருப்பார்கள். எங்களுடையது அந்த அரும்பதிப்புகளில் ஒன்றல்ல. பிற்காலத்தில் வந்த, படமில்லாத, மெல்லிய எளிய பதிப்புதான். பழம்பொருள் வியாபாரி எவரும் அதற்குப் பெரிய விலை தர மாட்டார். அதன் மதிப்பெல்லாம் ஓரங்களில் இருக்கிறது. எபிரேய எழுத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக, மாமியார் சொல்லச் சொல்ல, என் மாமனார் ஒவ்வொரு பத்திக்கும் நேராகத் தமிழில் பென்சிலால் பொருள் எழுதியிருக்கிறார். அவர் யூதர் அல்லர். கடைசிவரை எந்த மதத்துக்கும் மாறியவரும் அல்லர். அதற்குக் கீழே என் மனைவி பதினோரு வயதில் எபிரேய ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருக்கிறாள். தொண்டையிலிருந்து வரும் எபிரேய ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லையே என்று யோசித்து, ஆய்த எழுத்தை அதற்கு நேர்ந்துவிட்டிருக்கிறாள்: ‘பாரூஃ அத்தா’. பள்ளிக்கூடத்தில் ஆய்த எழுத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம்.

இப்படிப்பட்ட புத்தகத்தை, சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறோர் ஊரில் ஒரு கடையில் நாங்களே கொடுத்துக் கெடுத்தோம். முதுகு கழன்றிருந்ததைச் சரிசெய்யக் கொடுத்தால், அவர்கள் பக்கவாட்டில் துளை போட்டு இறுக்கித் தைத்து, ரெக்சின் அட்டை ஒட்டித் தந்தார்கள். தமிழ்ப் புத்தகம் முடியும் பக்கத்தில் எபிரேயப் புத்தகம் தொடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆகவே முகப்பு பின்னாலும் பின்னட்டை முன்னாலுமாக வந்தது. பக்கவாட்டுத் தையலால் ஒவ்வொரு வரியிலும் உட்பக்கத்து எழுத்துகள் இடுக்கில் மறைந்துபோயின. இவற்றையெல்லாம் பிரித்துச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாத ஒன்றையும் அவர்கள் செய்தார்கள். குடும்பத்தாரின் பெயர்கள் எழுதிய முதல் தாளைப் பாதுகாப்பதாக நினைத்து லேமினேஷன் செய்துவிட்டார்கள்.

இந்தக் கடைக்கு நாங்கள் போனது 2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை காலை. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். புத்தகத்தை வாங்கியதும், ஒன்றும் கேட்காமல், வலப்பக்கத்து அட்டையைத் திறந்து பார்த்தார். வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருதும் அரபியும் ஓதும் வீடுகளுக்குப் புத்தகம் கட்டிக் கொடுப்பவருக்கு வலமிருந்து தொடங்கும் புத்தகம் புதிதல்ல. முந்தைய கடையில் கோளாறான முதல் விஷயம் இங்கே பேச்சே இல்லாமல் தீர்ந்துவிட்டது. பிறகு எழுத்தைக் கூர்ந்து பார்த்து, “இது அரபி இல்லையேம்மா” என்றார். எபிரேயம் என்று மாமியார் சொன்னார். “அப்படின்னா நீங்க பனீ இஸ்ராயீலா?” என்று கேட்டு, ஸ்டூலைத் துடைத்து அவரை உட்காரச் சொன்னார்.

மாமியார் சிரித்துவிட்டார். சிரித்ததற்குக் காரணம் உண்டு. பம்பாயின் முதல் ஜெப ஆலயத்தை 1796-இல் கட்டிய சாமுவேல் எசேக்கியேல் திவேகர் ஆங்கிலேயரின் படையில் இருந்தவர். மைசூர்ப் போரில் திப்புவின் ஆட்களிடம் சிறைப்பட்டபோது, தாம் யார் என்று சொல்ல, குர்ஆனில் வரும் பனீ இஸ்ராயீல் மக்களா இவர்கள் என்று வியந்து திப்புவின் தாய் உயிர்ப்பிச்சை கேட்டு வாங்கினார் என்றும், பிழைத்து ஊர் திரும்பிய நன்றிக்காகவே அவர் ஆலயம் எழுப்பினார் என்றும் பெனே இஸ்ரேல் வீடுகளில் ஒரு கதை உண்டு. திப்பு மாண்டபின் அவருடைய குடும்பத்தாரைக் கொண்டுவந்து அடைத்துவைத்த கோட்டை, கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அந்தக் கதையை மாமியார் சொல்ல, பாய் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். வாடிக்கையாளரிடம் இப்படி நேரம் ஒதுக்குவது அவருடைய குணமா, அன்று கூட்டம் இல்லாததால் நேர்ந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மறுமுறை போனபோது அவர் தலையை நிமிர்த்தவே இல்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய தையலைப் பிரித்து, தாள்களைப் பாரம் பாரமாக, அதாவது ஒன்றாக மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றாக, பிரித்து, ஒவ்வொரு பாரத்தின் நடு மடிப்பிலும் ஊசி ஏற்றித் தைக்கும் முறையை இங்கே ‘ஜுஸ் தையல்’ என்கிறார்கள். ஜுஸ் என்றால் அரபியில் பகுதி. குர்ஆனின் முப்பது பகுதிகளுக்கும் அதே பெயர்தான். இந்தத் தையல் போட்ட புத்தகம் மேசையில் வைத்தால் தானாக மலர்ந்து படுத்துக்கொள்ளும், கையால் அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஒரு கையில் கிண்ணமும் மறு கையில் அப்பமுமாக வாசிக்க வேண்டிய ஹகதாவுக்கு இது எவ்வளவு தேவை என்பது, பக்கவாட்டுத் தையலோடு சில ஆண்டுகள் மல்லுக்கட்டிய எங்களுக்குத்தான் தெரியும். துளை விழுந்த உட்பக்க ஓரங்களை மெல்லிய டிஷ்யூ காகிதத்தால் ஒட்டுப்போட்டு, அதன்மேல் தைத்திருக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மட்டுமே ஒட்டுத் தெரிகிறது.

பசையில்தான் சிக்கல் வந்தது. நம்மூர் பைண்டர்கள் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் கிண்டிய பசையைத்தான் பயன்படுத்துவார்கள். பஸ்காவின் எட்டு நாளும் கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியங்களின் மாவு தண்ணீர் பட்டுப் புளித்த எதுவும் யூதர் வீட்டில் இருக்கக் கூடாது. அப்பம் சுடுவதற்கே, மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மராத்தியில் அந்தப் பண்டிகைக்குப் புளிப்புச் சாடியை மூடிவைக்கும் நாள் என்ற பொருளில் பெனே இஸ்ரேலர் ஒரு பெயரே வைத்திருந்தார்கள். மைதாப் பசை என்பது தண்ணீரில் கிடந்து ஊறிய கோதுமை மாவுதானே? தின்ன முடியாத அளவுக்கு மாறிப்போன பசை விலக்குக்குள் வராது என்பதே சமயச் சட்டம் என்றும், துத்தம் கலந்ததை மாடுகூட நக்காது என்றும் மாமியாரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் மற்ற புத்தகங்கள் அலமாரியில் கிடக்கும், இந்தப் புத்தகம் மட்டும் அந்த இரவில் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்குமே என்று தயங்கினார். அவர் வீட்டில் அரிசியும் உளுந்தும் அந்தத் தானியக் கணக்கில் சேராது. இருந்தும் அந்த எட்டு நாளும் இட்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். சட்டம் கேட்பதைவிட ஒரு படி கூடுதலாகச் செய்யும் இந்த வழக்கம் அவருடைய தாயிடமிருந்து வந்தது.

வேறு கடையாக இருந்திருந்தால் டப்பாவில் வரும் வெள்ளைப் பசையைப் போட்டுவிடலாம் என்று சொல்லி முடித்திருப்பார்கள். பாய் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பசை காய்ந்தால் விறைத்துக்கொள்ளும், நாளைக்கு வேறொருவன் பிரித்துக் கட்ட வேண்டுமென்றால் தாளோடு கிழிந்து வரும் என்றார். சற்று யோசித்துவிட்டு, தம் தகப்பனார் காலத்தில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சிய கதையைச் சொன்னார். கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். ஒரு நாள் வேலை. தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் அட்டையில் துணி ஒட்ட அதைத்தான் பயன்படுத்துவார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். புளிப்பில்லாப் பண்டிகையின் புத்தகத்துக்குப் புளியங்கொட்டைப் பசையா என்று மாமியார் கேட்டதும் சந்திலிருந்த மூன்று பேர் சிரித்தார்கள். இருநூறு ரூபாய் கூடுதல் என்றார், சம்மதித்தோம். பசை நன்றாகப் பிடித்திருக்கிறது. தாள் வளைந்தாலும் வெடிக்கவில்லை. ஒருவித வறுத்த வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

தோலைப் பற்றிப் பெரிதாகப் பேச நேரவில்லை. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பதனிட்ட ஆட்டுத்தோல் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. காபிப்பொடி நிறத்தில் ஒரு துண்டைத் தேர்ந்தோம். பன்றித்தோல் கலப்பு இருக்காதே என்று மாமியார் கேட்க வாயெடுப்பதற்குள், “அது நம்ம கடை வாசலையே தாண்டாதும்மா” என்று பதில் வந்துவிட்டது.

இந்தக் கடைக்கு நான் நற்சான்று தருவதற்கு முதன்மையான காரணம் இனிமேல் வருவதுதான். புத்தகம் தைத்து முடிந்ததும் மூன்று பக்க ஓரங்களையும் கட்டிங் மிஷினில் கொடுத்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் சீவித் தள்ளுவது எந்த பைண்டிங் கடையிலும் நடக்கும் கடைசி வேலை. அப்போதுதான் புத்தகம் சதுரமாக, புதியதுபோலத் தெரியும். எங்கள் மாமனாரின் எழுத்து ஓரத்தின் விளிம்புவரை ஓடுகிறது. சின்னப் பிள்ளை கேட்க வேண்டிய நான்கு கேள்விகளுக்கு நேராக அவர் எழுதியதைச் சொல்கிறேன். ‘இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி?’ என்பது முதல் வரி. மற்ற இரவுகளில் உணவை ஒருமுறைகூடத் தொட்டுக்கொள்வதில்லை, இன்று மட்டும் இருமுறை தொட்டுக்கொள்கிறோமே என்று கேட்கும் கேள்விக்கு நேராக மொழிபெயர்ப்பை எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள், தாளின் கடைசி நூலிழையில், ‘நம்ம வீட்டில் தினமும்’ என்று குறித்திருக்கிறார். மூன்று வேளையும் சட்னியிலும் சாம்பாரிலும் தொட்டுத் தின்னும் வீட்டில் அந்தக் கேள்வி எடுபடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மாமனார் இறந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. ஒவ்வொரு பஸ்காவிலும் அந்த இடம் வரும்போது எல்லாரும் சிரிப்பார்கள், மாமியார் மட்டும் தண்ணீர் எடுத்துவர எழுந்துபோவார். மிஷின் சீவித் தள்ளினால் முதலில் போவது அந்த மூன்று சொற்கள்தான்.

நாங்கள் இதைச் சொல்ல மறந்துவிட்டுத்தான் வீடு திரும்பினோம். இரவு நினைவு வந்து, மறுநாள் விடியற்காலையில் ஓடினேன். கடைக்காரர் பென்சில் எழுத்து உள்ள பக்கங்களிலெல்லாம் செய்தித்தாள் துண்டு செருகி வைத்திருந்தார். ஓரத்தை வெட்டப் போவதில்லை என்று அவரே முடிவு செய்திருந்தார். அரபி வாசகத்துக்குப் பக்கத்தில் தமிழில் பொருள் எழுதிவைத்த கிதாபுகள் பல வீடுகளிலிருந்து அவரிடம் வருகின்றனவாம். ‘ஓதுறது ஒண்ணு, புரிஞ்சுக்கிறது ஒண்ணு. ரெண்டும் இருந்தாத்தான் சார் புஸ்தகம்’ என்றார். இதன் விளைவாகப் புத்தகத்தின் விளிம்பு ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கிறது. வழவழப்பான விளிம்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இது குறையாகத் தெரியும்.

லேமினேஷன் செய்த பெயர்த்தாளை அவர் தொடவில்லை. பிரிக்க முயன்றால் மையும் சேர்ந்து வந்துவிடும் என்று சொல்லி, ஒரு விரற்கடை அகலத்தில் காலிகோ துணி ஒட்டி, அந்தத் துணியைத் தையலோடு சேர்த்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு விலகும் கைவினைஞர்கள் குறைவு. அந்தத் தாளில் மாமியாரின் பாட்டியில் தொடங்கி, தாய், மாமியார், என் மனைவி என நான்கு தலைமுறைப் பெயர்கள் இருக்கின்றன. யூதச் சட்டம் தாய்வழியில் போவதால், அந்தப் பட்டியல் ஒரு வகையில் சான்றிதழாகவும் ஆகிவிடுகிறது. 1960-களின் தொடக்கத்தில் இஸ்ரேலின் தலைமைச் சமயக் குழு, பெனே இஸ்ரேலரை மணக்க விரும்புவோரின் முன்னோரைத் தாய்வழியில் தோண்டித் துருவ வேண்டும் என்று உத்தரவிட்டபோது, கப்பலேறிப் போனவர்கள் அங்கே போராட வேண்டியிருந்தது. 1964-இல்தான் அவர்களை முழுமையான யூதர்களாக ஏற்றார்கள். மாமியாரின் மூத்த அண்ணன் அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர். ‘கர்’ என்று முடியும் அந்தக் குடும்பப் பெயர் இன்று எங்கள் வீட்டில் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. என் மனைவிக்குத் தகப்பனாரின் இனிஷியல், மகளுக்கு என்னுடையது. இதையெல்லாம் பாயிடம் நாங்கள் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

கறை விஷயத்தில் மட்டும் ஒரு சிறு வாக்குவாதம். தவளைக் கூட்டம் முதலாக எகிப்தின் மேல் இறைவன் அனுப்பிய பத்து வாதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு துளி எடுத்துச் சிந்துவது வழக்கம். திராட்சை மதுவுக்குப் பதிலாக உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சர்பத்தையே பெனே இஸ்ரேல் வீடுகளில் பயன்படுத்துவார்கள். அதன் கறை பழுப்பேறிய கருஞ்சிவப்பில் வட்ட வட்டமாக அந்தப் பக்கம் முழுவதும் படிந்திருக்கிறது. போதாததற்கு, தவளைகள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் மகள் நாலு வயதில் பச்சை கிரேயானால் ஒரு தவளையும் வரைந்துவைத்தாள். கடையில் உதவிக்கு இருக்கும் பையன் கறையை எடுக்க மருந்து இருப்பதாக ஆர்வத்தோடு சொன்னான். வேண்டாம் என்று மாமியார் சொன்ன குரலில் அவன் பஞ்சைக் கீழே வைத்துவிட்டான். மருந்து போட்டுக் கறை எடுப்பதில் அவன் கைதேர்ந்தவன் என்று சொல்கிறார்கள், தேவைப்படுபவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

புத்தகத்தோடு ஒரு பழுப்பு உறையும் தந்தார்கள். பிரிக்கும்போது உதிர்ந்த தாள் நறுக்குகள், எழுத்துள்ளவை மட்டும், அதில் இருந்தன. இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக் கூடாது, சேர்த்துவைத்து மண்ணில் புதைக்க வேண்டும் என்பது யூதர் வழக்கம். கெய்ரோவின் பழைய ஜெப ஆலயம் ஒன்றில் அப்படிச் சேர்த்துவைத்த தாள்களிலிருந்துதான் மங்களூர்க் கரையில் 12-ஆம் நூற்றாண்டில் வணிகம் செய்த யூத வணிகரின் கடிதங்கள்கூடக் கிடைத்தன. குர்ஆன் தாள்களுக்கும் அதே மரியாதையைத் தாங்கள் செய்வதாகவும், ஆகவே கேட்காமலே எடுத்துவைத்ததாகவும் பாய் சொன்னார்.

இனி மனக்குறைகள். முதலாவது, நாள். பதினைந்து நாளில் தருவதாகச் சொன்னவர் ஏப்ரல் 6-ஆம் தேதிதான் கொடுத்தார். மொத்தம் 49 நாள். மார்ச் 2-இல் ரமலான் தொடங்கியது. அதற்கு முன்பே வீடு வீடாகக் குர்ஆன் பிரதிகள் பைண்டிங்குக்கு வந்து குவிந்துவிட்டன. நோன்பு மாதத்தில் பிற்பகலில் கடை பாதிநாள் மூடிக் கிடந்தது. காரணம் நியாயமானதுதான், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கைப்பேசியை எடுப்பதும் இல்லை. ஏப்ரல் 12 இரவு பஸ்கா என்று நான் மூன்று முறை நேரில் போய் நினைவூட்ட வேண்டியிருந்தது. பஸ்காவுக்கும் அடுத்த பண்டிகைக்கும் இடையே நாங்கள் நாற்பத்தொன்பது நாள் எண்ணுவோம், இந்த ஆண்டு முன்கூட்டியே எண்ணியாயிற்று என்று மாமியார் இதைச் சிரிப்பாக்கிவிட்டார். நான் அவ்வளவு பொறுமைசாலி அல்லன்.

இரண்டாவது, அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டிய தாள். வெளிர்நிறத்தில் சாதாரணத் தாள் போதும் என்று சொல்லியும், கல்யாணப் பத்திரிகைக்குப் போடுவதுபோல மினுமினுக்கும் பச்சைத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். மாமியாருக்குப் பிடித்திருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது, முதுகில் பொன்னெழுத்து. எபிரேய அச்செழுத்து அவர்களிடம் இல்லை. தமிழில் ‘ஹகதா’ என்று போடச் சொன்னோம். ‘ஹ’வின் சுழி பாதியில் நின்று ‘உ’ போலத் தெரிகிறது. பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்கள் என்று என் மைத்துனன் கேலி செய்கிறான்.

கூலி மொத்தம் 1,950 ரூபாய்: தையலும் ஒட்டும் 900, தோலும் அட்டையும் 650, பசை 200, பொன்னெழுத்தும் மற்றவையும் 200. ரசீது கேட்டால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார். ரெக்சின் அட்டை போட்டால் இதில் ஐந்நூறு குறையும்.

2025-இல் பஸ்கா சனிக்கிழமை இரவில் வந்ததால், ஓய்வுநாள் முடிந்து வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை எதையும் எடுத்துவைக்க முடியாது. சத்துவாச்சாரி மொட்டைமாடியில் நின்று நட்சத்திரம் எண்ணும் வேலை ஒன்பது வயது மகளுடையது. கீழே வந்து உட்கார்ந்தபோது மணி ஏழேகாலைத் தாண்டியிருந்தது. ஏப்ரல் வெக்கையில் ஃபேனை நிறுத்தாமல் வாசித்தோம். புத்தகம் நான்கு பேருக்கும் தெரியும்படி மேசை நடுவே மலர்ந்து கிடந்தது, தாள் மட்டும் காற்றில் படபடத்தது. பேரீச்சம்பாகுக் கிண்ணத்தை ஒரு முனையில் வைத்து அடக்கினோம். மாமியார் மராத்தியில் வாசித்தார். மனைவி தன்னுடைய பதினோரு வயதுக் கையெழுத்தைப் பார்த்து எபிரேயத்தில் வாசித்தாள். மகள் தாத்தாவின் தமிழை வாசித்தாள். அவள் ‘நம்ம வீட்டில் தினமும்’ என்பதையும் மூலத்தின் வரியாகவே நினைத்து அதே ராகத்தில் இழுத்துப் படித்துவிட்டாள். அந்த இரவுக்குள் பாகு ஒரு சொட்டு புதிய தோலட்டையில் விழுந்து ஊறியும்விட்டது.

சொல்ல விட்டுப்போன ஒன்று. பெயர்த்தாளுக்கு அடுத்து நாங்கள் கேட்காத நான்கு வெற்றுத் தாள்களைக் கடைக்காரர் சேர்த்துத் தைத்திருக்கிறார். பழைய தாளின் நிறத்துக்குப் பொருந்த, டீத்தூள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த தாள். கணக்கில் இதற்குத் தொகை இல்லை. கேட்டபோது, லேமினேஷன் மேல் பேனா பிடிக்காது, அடுத்த பெயரை எங்கே எழுதுவீர்கள் என்று திருப்பிக் கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு முதல் மூன்றுவரை கடை மூடியிருக்கும். சனிக்கிழமை கூட்டம் அதிகம். ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் போனால் ஆளையும் பிடிக்கலாம், பேசவும் நேரம் இருக்கும். புத்தகத்தை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள், சந்தில் எந்நேரமும் வெங்காயச் சருகு பறந்துகொண்டிருக்கும்.